பலெர்மோவில் அக்கா வீடு

ஆகஸ்ட் 31, 2024, சனி. பலெர்மோ

அக்காவும் அத்தானும் விமான நிலையத்துக்கே வந்திருந்தார்கள். 1977 கலவரத்தில் றக்வானையில் லயத்தை விட்டு ஓடியபோது பெரியப்பா குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனவள் அக்கா. நாங்கள் தோட்டத்துக்கே திரும்பிவிட்டோம். அவள் யாழ்ப்பாணத்து அத்தானைக் கட்டிக்கொண்டு, பிறகு இந்தச் சிசிலித் தீவுக்கு வந்து, வீட்டு வேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கினாள். இங்கே நம் ஆட்களில் நிறையப் பேருக்கு அதுதான் தொழில்.

என்ன வெயில்! மலையெல்லாம் பச்சையில்லாமல் வெறும் கல்லாக நிற்கிறது.

செப்டம்பர் 1, ஞாயிறு

பல்லாரோ சந்தைக்குப் போனோம். கத்தரிக்காய், வாள்மீன், தக்காளி என்று கூவிக் கூவி விற்கிறார்கள். ஒரு கடையில் 'பனெல்லே' வாங்கித் தந்தாள். கடலைமாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டிபடாமல் கிண்டிக் களியாக்கி, பரப்பி ஆறவைத்து, துண்டு போட்டுப் பொரிக்கிறார்கள். எள்ளுப் போட்ட பணிசுக்குள் நாலைந்து துண்டு வைத்து, தேசிக்காய் பிழிந்து கையில் தருகிறார்கள். ஓரம் மொறுமொறு, நடு மெத்து.

"சாப்பிடுங்கோ பிள்ளை, ஆறினா நல்லா இராது" என்றார் அத்தான். அக்கா கைப்பையிலிருந்து கொச்சிக்காய்த் தூள் எடுத்துத் தூவினாள். அப்படித்தான் அது முழுமையாயிற்று.

செப்டம்பர் 4, புதன்

நேற்றிரவு பெல்லெக்ரீனோ மலை ஏறினோம். உயரம் 600 மீற்றருக்குச் சற்று மேல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, குகைக்குள் சாந்தா றொசாலியா என்ற புனிதையின் கோயில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது இந்தக் குகையில்தான் அவருடைய எலும்புகள் கிடைத்தனவாம். அவற்றை நகர் முழுக்க ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் தணிந்தது என்பது இந்த ஊரின் நம்பிக்கை. இது 400ஆவது வருஷம். வெறுங்காலோடு ஏறும் இத்தாலியர்களுக்கு நடுவே நம் ஆட்கள் எத்தனை பேர்! நெற்றியில் விபூதியோடும் வந்திருந்தார்கள். பாறையில் கசியும் நீரைத் தகரப் பீலி வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அக்கா கும்பிட்டபடி வெகுநேரம் நின்றாள். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மொந்தெல்லோ கடற்கரை. சாளை மீன் போட்ட பாஸ்டா இந்த ஊருக்கே உரிய சாப்பாடு. காட்டுப் பெருஞ்சீரகத் தழையை அவித்து, அந்தத் தண்ணீரிலேயே பாஸ்டாவை வேகவைத்து, சாளை, உலர்ந்த திராட்சை, குங்குமப்பூ சேர்த்துப் பிரட்டுகிறார்கள். மீனும் திராட்சையும் ஒரே சட்டியிலா என்று தயங்கினேன். முதல் வாயிலேயே தயக்கம் போயிற்று. 831இல் இந்த நகரைப் பிடித்த அரபிகள் விட்டுப்போன ருசி என்கிறார்கள். மேலே தூவியது சீஸ் அல்ல, வறுத்த பாண் தூள். சீஸ் வாங்க வக்கில்லாத வீடுகளில் மீந்த பாணை வீணாக்காமல் செய்த வழக்கமாம்.

வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துப் புகழும் இந்தச் சாப்பாடு ஏழைகள் கண்டுபிடித்தது. இன்று அதைப் பல வீடுகளில் சமைப்பது அக்கா போன்றவர்களின் கை. இதை எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்டவள், கடலைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து, இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டது இன்றைக்குத்தானாம். அதைக் கேட்டபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டு 15 யூரோ, நம் காசுக்கு ஐயாயிரம் ரூபா வரும். எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவளுக்கு ஐந்து நாள் அடிப்படைச் சம்பளம். காசை நான்தான் கொடுத்தேன், அவள் தடுத்தும் விடவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு. றக்வானை

விடாத மழை. ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள், கடைத்தெருவில் அதே பேச்சு. மீன்காரரிடம் சாளை கிடைத்தது. அக்கா கட்டிக் கொடுத்த பாஸ்டாவை அவித்தேன். தழை இல்லாததால் பெருஞ்சீரகத்தை இடித்துப் போட்டேன். பாண் தூளை மட்டும் அசல் மாதிரியே பொன்னிறமாக வறுத்தேன். பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மதினி மட்டும் கட்டசம்பல் கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார்.

இரவு அக்கா போன் பண்ணினாள். "பெருஞ்சீரகத்தைச் சட்டியில விதைச்சு இறவாணத்துக்குள்ள வை, தங்கச்சி. மழையில வச்சா அழுகிப்போகும்." பொங்கலுக்கு வருகிறாளாம். வந்தால் அடுப்படிப் பக்கம் அவளை விடக்கூடாது என்று மருமகளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.