பெயர் யாருடையது?

பூநகரிப் பகுதியிலுள்ள எங்கள் கிராமத்துப் பனையோலை மகளிர் சங்கத்திலே ஒரு தகரப்பெட்டி உண்டு. சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கட்டடம் நிற்கும் காணியின் அனுமதிப்பத்திரம் ஆகியவை அதற்குள் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு முதல் அவற்றோடு இன்னொரு தாளும் சேர்ந்திருக்கிறது. சங்கத்தின் இணையத்தளப் பெயருக்கு ஆண்டுக்கட்டணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டு அது. அந்தத் தாளின் கதையைச் சொல்ல வேண்டிய கடமை எனக்குண்டு. ஏனெனில், அது முன்னரே அப்பெட்டிக்குள் இல்லாமற் போனதற்கு நானும் ஒரு காரணம்.

2009இல் யுத்தம் முடிந்து, முகாம்களிலிருந்து மீண்டு வந்த இப்பெண்களிற் பலர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அவர்களிடம் எஞ்சியிருந்த மூலதனம் பனையும் கைகளுமே. நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, புழுக்கொடியல், பனாட்டு எல்லாம் அவர்கள் கையிலே உருவாயின. ஆனால், விலையை நிர்ணயித்தவன் வாசலுக்கு லொறியோடு வந்த வியாபாரி. அவன் சொன்னதே விலை. இந்தச் சங்கிலியை அறுக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 2018ஆம் ஆண்டு இணையத்தளம் ஒன்றை அமைக்கச் சங்கம் தீர்மானித்தது. பள்ளிக்கூட வாத்தியார் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். நானும் நகரத்திலிருந்து ஓர் இளைஞனை அழைத்து வந்தேன்.

எவ்வளவு பணம் முடியும், எத்தனை நாளாகும் என்ற இரண்டு கேள்விகளை மட்டுமே நான் அவனிடம் கேட்டேன். மூன்றாவது கேள்வியைச் சங்கத் தலைவி கேட்டார்.

"மாஸ்டர், இது ஆரின்ரை பேரிலை பதியிறது?"

"அதெல்லாம் தொழில்நுட்ப விஷயம் அக்கா, தம்பி பாத்துக்கொள்ளுவார்" என்றேன்.

படித்தவனின் அந்த அலட்சியமான பதிலை இன்று நினைக்கவும் வெட்கமாக இருக்கிறது.

தளம் உருவாயிற்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிட்டு அவிக்க நீத்துப்பெட்டி தேடிய குடும்பங்கள் எழுதின. சங்கம் முதன்முறையாகத் தன் பொருளுக்குத் தானே விலை குறித்தது. கட்டி முடித்த வீட்டைப் போல, இனிமேல் அது தானாகவே நிற்கும் என்று நாங்கள் எண்ணினோம். வன்னி விவசாயி குளக்கட்டை அப்படி எண்ணுவதில்லை. மாரிக்கு முன் கட்டைப் பார்த்து, உடைப்பை அடைத்து, வாய்க்காலைத் துப்புரவாக்காவிட்டால் குளம் அவனுக்குச் சோறு போடாது. இணையத்தளமும் அப்படிப்பட்டதே என்பதை 2022 எங்களுக்குக் கற்பித்தது.

அவ்வாண்டில் நாணயம் சரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் நீண்டது. தளத்திலோ 2018ஆம் ஆண்டின் விலைகளே கிடந்தன. அந்த விலையை நம்பி வந்த கட்டளைகளைச் சொன்ன சொல் தவறாமல் நிறைவேற்றிய பெண்கள், தங்கள் கூலியை இழந்தார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு பின்னர் வந்தது. பெயரை நாம் விலைக்கு வாங்குவதில்லை. ஆண்டுக் கணக்கில் கட்டணம் செலுத்தி வைத்திருக்கிறோம். பதிவேட்டில் எவன் பெயர் இருக்கிறதோ அவனே அதற்கு உரியவன். சங்கத்திடம் கடனட்டை இல்லாதபடியால், இளைஞன் தன் பெயரிலேயே பதிந்து, டொலரிற் கட்டணம் செலுத்தி வந்திருக்கிறான். அவனைத் திருடன் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைப்புத் தேடி அவ்வாண்டில் நாட்டை விட்டுப் போன எத்தனையோ பேரில் அவனும் ஒருவன். தவணை தப்பியது. '.கொம்' என முடியும் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டாலும், பழைய உரிமையாளர் அதை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதுவும் கடந்த பின்னரே எங்களுக்குச் செய்தி எட்டியது. தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம்!

"எங்கட பேரிலை ஆரோ சூதாடுறாங்கள், மாஸ்டர்" என்றார் தலைவி.

அவருக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுபட்ட அனுமதிப்பத்திரத்தை, இடம்பெயர்ந்த வழியெல்லாம் மடியிற் கட்டிக்கொண்டு திரிந்தவர் அவர். 2017இல் கேப்பாப்புலவிலே தம் காணிக்காகத் தெருவோரம் இரவுபகலாக அமர்ந்திருந்த பெண்களின் மண் இது. உழைப்பவரின் பெயரில் உறுதி இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கேள்வியை முதலிற் கேட்டவரும் அவரல்லவா? விடை சொல்லத் தெரியாதவன் நானே.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் திகதி, ஜெனீவாவிலுள்ள சேர்ண் ஆய்வுகூடம் உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. தளங்களை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. '.இலங்கை' என்று தமிழெழுத்திலேயே முடியும் பெயர்களுக்கு 2010இல் வழி திறந்தது. கருவிகள் பொதுவுடைமையாக இருக்கின்றன. அறிவு மட்டும் ஒருவன் பைக்குள் அடங்கினால், வாசலில் நின்ற லொறி வேறு உருவத்தில் திரும்பி வருகிறது.

2023இல் மறுபடி தொடங்கினோம். இம்முறை கணினிக்கு முன் அல்ல, வேப்பமர நிழலிற் பாயில் அமர்ந்தோம். யாருக்கு விற்கிறோம்? மாதம் எத்தனை கடகம் முடைய இயலும்? தபாற்செலவு யாருடையது? விலையை மாற்றுபவர் யார்? விடைகளைப் பள்ளிக் கொப்பியில் எழுதிய பின்னரே தளத்தைக் கட்டினோம். பெயர் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவாயிற்று. கடவுச்சொல் தலைவிக்கும் செயலாளருக்கும் தெரியும். சிக்னல் மெலிந்த இடத்திலும் கைத்தொலைபேசியில் திறக்கும்படி படங்களைச் சிறிதாக்கினோம். சாதாரண தரம் படித்த ஓர் உறுப்பினரின் மகள், மாத முதல் நாளில் விலைகளைத் திருத்தித் தளத்தின் பிரதியொன்றைத் தகரப்பெட்டிக்குள் வைக்கிறாள். அவளுக்குச் சங்கம் கூலி கொடுக்கிறது. பராமரிப்பும் உழைப்புத்தானே?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, உங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தளம் அமைக்க நீங்களும் அழைக்கப்படுவீர்கள். பெயர் யார் கையில் என்று எவரேனும் கேட்டால், "தம்பி பாத்துக்கொள்ளுவார்" என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து விளக்குங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

சங்கச் சுவரிலுள்ள கலண்டரில், கிழங்கு கிண்டும் தை மாதத்திலே ஒரு நாளைத் தலைவி சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார். பெயருக்குக் கட்டணம் செலுத்தும் நாள் அது. அதை நினைவூட்ட இப்போது நான் தேவையில்லை.