கோவையில் செய்த பந்தயக் கார்

காய்கறி வாங்கவும் குழந்தைகளைப் பள்ளியில் கொண்டு விடவும் பயன்பட்ட எஞ்சின் அது. மூன்று சிலிண்டர், 796 சிசி. 1980-களின் இறுதியில் நடுத்தர வர்க்கத்து வீட்டு வாசல்களில் பெருமையோடு நின்ற மாருதி 800-ன் எஞ்சின். அதைக் கழற்றி, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஒரு கூட்டில் ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, மேலே ஃபைபர் கிளாஸ் உடலை மாட்டி, நான்கு சக்கரங்களும் வெளியே தெரியும்படி நிறுத்தினால் அதுதான் ஃபார்முலா மாருதி. இந்தியாவில் ஒற்றை இருக்கைப் பந்தயம் என்ற ஒன்று நிலைத்து நடந்ததற்கு இந்தக் கார்தான் காரணம்.

அதை உருவாக்கியவர் கோவையின் மில் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவரதன். வேகத்தின் மீது தீராத மோகம் கொண்ட மனிதர். அவர் காலத்தில் ரேஸ் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் போடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஆண்டுக்கொரு முறை கூட்டம் கூடும். யாரிடம் நல்ல வெளிநாட்டுக் கார் இருக்கிறதோ அவர் ஜெயிப்பார். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். கார் எவ்வளவு வேகம் என்று தெரிந்தது. ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று எப்படித் தெரியும்?

கரிவரதனும் வசதியானவர்தான். அப்படிப்பட்ட ஒருவர், வசதியில்லாதவனும் ஓட்டக்கூடிய காரைப் பற்றி யோசித்தார் என்பதுதான் விசேஷம். அவர் கண்ட வழி எளிமையானது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஏதாவது உடைந்தால் திங்கட்கிழமை மாருதி உதிரிபாகக் கடையில் கிடைக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்வரை காத்திருக்கவோ, சுங்கத்துக்கு அழவோ கூடாது. கார் மெதுவாகத்தான் போகும். போகட்டுமே! இருபது பேர் ஒரே மாதிரிக் காரில் மெதுவாகப் போனாலும் முதலில் வருபவன் நன்றாக ஓட்டியவன்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்த முறையான தடம் திறக்கப்பட்டது. அந்தத் தடத்தில், ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்த பையன் நரேன் கார்த்திகேயன். கரிவரதனின் உறவுக்காரர், தந்தையும் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். ஆக, வழி தெரியாத வீட்டுப் பிள்ளை அல்ல. 1992-ல் பிரான்சில் ஒரு பந்தயப் பள்ளிக்குப் போய்விட்டு வந்தவர், மறு ஆண்டு திரும்பவும் ஃபார்முலா மாருதியில்தான் உட்கார்ந்தார். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 2005-ல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1. அடுத்து சென்னையின் கருண் சந்தோக்: 2000-ல் ஃபார்முலா மாருதி, 2001-ல் ஃபார்முலா ஆசியா, 2010-ல் ஃபார்முலா 1. அந்த உச்சப் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இந்த இருவர்தான். இருவருமே அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்து தொடங்கியவர்கள்.

1995-ல் விமான விபத்து ஒன்றில் கரிவரதன் இறந்தார். நிறைவாக வாழ்ந்து முடிக்கும் வயது அல்ல. இப்படி ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தில் நடக்கும் காரியங்கள் அவரோடு முடிந்துவிடுவதுதான் வழக்கம். இது முடியவில்லை. கோவையின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தைச் சேர்ந்த பி. விஜயகுமார் அதைத் தொடர்ந்தார். செட்டிப்பாளையத்தில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு தடம் உருவாகி, 2003-ல் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்ற பெயரில் பந்தயங்களுக்குத் திறந்தது. இறந்தவர் பெயர் அப்படித்தான் ஊரில் தங்கியது. கார்களும் கோவையிலேயே தயாராயின. ஹூண்டாய் எஞ்சின், செவ்ரலே எஞ்சின் என்று வெவ்வேறு வகைகள் வந்து போயின. கடைசியில் ஸ்விஃப்ட் காரின் 1300 சிசி எஞ்சின் நிலைத்தது. எல்ஜிபி ஃபார்முலா 4 என்று பெயர். 1997-லிருந்து நடக்கும் ஜே.கே. டயர் தேசிய சாம்பியன்ஷிப்பில் 2024-லும் அது ஓடியது.

ஜூனியர் பந்தயத் தொடர்கள் உலகெங்கும் ஏன் செத்துப் போகின்றன என்பதில் பெரிய மர்மம் இல்லை. டிக்கெட் விற்று அவை பிழைப்பதில்லை. பார்க்க யாரும் வருவதில்லை. ஓட்ட வருபவன் தரும் பணத்தில்தான் பிழைப்பு. இருபது பேர் பணம் கட்டினால் தடத்து வாடகை, ஆம்புலன்ஸ், மெக்கானிக், லாரி எல்லாம் கட்டுப்படியாகும். நாலு பேர் விலகினால் மிச்சமுள்ள பதினாறு பேர் தலையில் அந்தச் செலவு ஏறும். அதைத் தாங்காமல் இன்னும் நாலு பேர் போவார்கள். காலியான கிரிட்டைப் பார்த்து ஸ்பான்சர் முகம் சுளிப்பார். அடுத்த ஆண்டு தொடர் ‘ஒத்திவைக்கப்படும்’. இந்தத் தொழிலில் ஒத்திவைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா என்று ஒரு தொடர் வந்தது. 2008-ல் பசிபிக் என்று பெயர் மாறியது. ஜெர்மன் நிறுவனம் கையைக் கழுவியதும், 2011-ல் ஜே.கே. டயர் அதை எடுத்து ஜே.கே. ரேசிங் ஆசியா என்று நடத்தியது. 2012-க்குப் பிறகு அதுவும் இல்லை. அந்தக் கார்கள் மட்டும் இந்தியாவிலேயே தங்கி, உள்நாட்டுப் பந்தயத்தில் இன்னும் சில ஆண்டுகள் ஓடின. பெரிய வீட்டுப் பிள்ளையின் பழைய சட்டை மாதிரி. எம்ஆர்எஃப் நிறுவனம் 2012-ல் தொடங்கிய சேலஞ்ச் தொடரைக் குறை சொல்ல முடியாது. டல்லாரா சேஸிஸ், இரண்டு லிட்டர் ரெனோ எஞ்சின், பஹ்ரைன், துபாய் என்று தடங்கள். குளிர்காலத்தில் வேலையில்லாத ஐரோப்பிய இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். 2016-17 சீசனில் மிக் ஷூமேக்கர் ஓட்டினார். 2018-19-ல் பிரிட்டனின் ஜேமி சாட்விக் ஆண்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி சாம்பியன் ஆனார். 2019-20 சீசன் முடிந்த கையோடு கொரோனா வந்தது. பிறகு அந்தத் தொடர் திரும்பவில்லை.

கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2011, 2012, 2013 என்று மூன்று ஃபார்முலா 1 பந்தயங்கள், மூன்றிலும் வெட்டல் வெற்றி, பிறகு வரித் தகராறு, பூட்டு. விளையாட்டா கேளிக்கையா என்று மாநில அரசும் அமைப்பாளர்களும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து கிலோமீட்டர் நீளத் தடத்தை இந்தியப் பையன்கள் தங்கள் சின்னக் கார்களில் அவ்வப்போது சுற்றி வந்தார்கள். பெரிய கல்யாண மண்டபத்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட கதை.

இப்போதைய நம்பிக்கை சர்வதேச சம்மேளனத்தின் முத்திரை பெற்ற இந்திய ஃபார்முலா 4. 2022-ல் தொடங்குவதாக அறிவித்தார்கள், 2023-ல்தான் ஓடியது. அந்த டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் என்றார்கள். மிக்ஜாம் புயல் நகரையே மூழ்கடித்ததால் தள்ளிப்போனது. நகரம் படகில் போய்க்கொண்டிருந்தபோது சாலையில் கார் ரேஸ் தேவையா என்ற கேள்வி நியாயமானதுதான். வழக்குகள் உயர்நீதிமன்றம் போயின. ஒருவழியாக 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. முதல் நாள் தடத்துக்கான சான்றிதழ் வந்துசேரத் தாமதமாகி, நீதிமன்றத்திடம் கூடுதல் அவகாசம் வாங்க வேண்டியிருந்தது. மறுநாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் கார்கள் சீறியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நகரின் நடுவே ஒற்றை இருக்கைக் காரை ஒரு பையன் நேரில் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்தக் காரில் யார் ஓட்டுகிறார்கள்? பிரெஞ்சு சேஸிஸ், பிரெஞ்சு எஞ்சின், தலைக்கு மேல் பாதுகாப்பு வளையம். 2023-ல் சாம்பியன் ஓர் ஆஸ்திரேலியர். 2024-ல் ஒரு தென்னாப்பிரிக்கர். அவர்கள் வந்ததில் தப்பில்லை. சம்மேளன முத்திரை உள்ள ஃபார்முலா 4-ல் சாம்பியன் ஆனால் 12 புள்ளி கிடைக்கும். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு 40 புள்ளி வேண்டும். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இந்தியா வரை வருகிறார்கள். கோவையில் செய்த எல்ஜிபி ஃபார்முலா 4-க்கும் பெயரில் அதே ‘ஃபார்முலா 4’ இருக்கிறது. அதில் சாம்பியன் ஆனால் கிடைப்பது கோப்பை, பரிசுத் தொகை, கைதட்டல். புள்ளி பூஜ்யம்.

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகன் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி முடிக்கும் வயதில் செட்டிப்பாளையத்தில் பயிற்சி, பிறகு புதியவர்களுக்கான வகுப்பு, பிறகு எல்ஜிபி. ஒரு சீசனுக்கே லட்சங்கள் ஆகும். அப்பா பட்டறைக்கு வாங்க நினைத்த மிஷினைத் தள்ளிப்போடுவார், அம்மாவுக்கு ஒன்றும் சொல்லமாட்டார்கள். பையன் கெட்டிக்காரன், 22 வயதில் ஜெயிக்கிறான். அடுத்து? ஐரோப்பாவில் ஒரு சீசன் ஃபார்முலா 4 ஓட்டக் கோடிகள் வேண்டும். அந்த வயதில் அங்கே பையன்கள் ஃபார்முலா 1-ஐயே எட்டிவிடுகிறார்கள். மும்பையின் ஜெஹான் தாருவாலாவும் பெங்களூரின் குஷ் மைனியும் சிறு வயதில் கார்ட் ஓட்டி, பதின்பருவத்திலேயே ஐரோப்பா போய் ஃபார்முலா 2 வரை வந்தவர்கள். வசதி உள்ளவர்களுக்கு உள்நாட்டு ஏணி தேவைப்படவில்லை. தேவைப்படுபவனுக்கு ஏணி பாதியில் நின்றுவிடுகிறது.

கரிவரதனின் கணக்கில் உள்ள ஓட்டை இதுதான். மலிவாக இருப்பதால் தொடர் சாகவில்லை. மலிவாக இருப்பதாலேயே அது யாரையும் இன்று வெளியே கொண்டுபோவதில்லை. ஃபார்முலா மாருதி காலத்தில் சென்னையிலிருந்து ஃபார்முலா ஆசியாவுக்கு ஒரே படிதான். இன்று நடுவில் நாலைந்து படிகள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் அந்நியச் செலாவணியில். அரசாங்கங்களும் கம்பெனிகளும் மேல்படிக்கு விளக்கு போடத் தயார். விளக்கு தெரியும், படமும் வரும். கீழ்ப்படியில் ஜெயித்த இரண்டு பேருக்கு ஆண்டுதோறும் அடுத்த தொடரில் இலவச இடம் என்று ஒரு விதி போட்டால், ஓர் இரவு வாணவேடிக்கைச் செலவுக்குள் அது முடிந்துவிடும். சாம்பியனுக்கு அடுத்த படிக்கான பணத்தையே பரிசாகத் தரும் வழக்கம் அமெரிக்க ஜூனியர் பந்தயங்களில் ஏற்கெனவே உண்டு.

அதுவரை செட்டிப்பாளையத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வடோதராவிலிருந்து மீரா எர்டா வந்து ஆண்களோடு மோதிய கார் அது. கோலாப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பையன்கள் ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலில் வருகிறார்கள். சனிக்கிழமை முதல் வளைவில் இரண்டு கார் மோதிக்கொண்டால் மூக்குப் பகுதி பிய்ந்து போகும். மெக்கானிக் அதை நிழலில் தூக்கிப் போட்டு, ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்டி, காயும்வரை டீ குடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். வர்ணம் அடிக்க நேரமிருக்காது. ஒட்டுப்போட்ட இடத்தின் மேலேயே நம்பர் ஸ்டிக்கரை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காரைக் கிரிட்டின் கடைசி வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள்.