"இன்று பறக்க முடியாது" என்று சொல்லக்கூடிய இடம்

பெண்கள் இன்று கால் பதிக்காத துறை இல்லை என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். கால் பதிக்கும் அந்த முதலாவது வேலையை எப்படித் தெரிவு செய்வது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் வளர்ந்த என் பெறாமகளுக்கு இந்தக் கேள்வி வந்தது. அவள் மிதவை விமானம் ஓட்டுவதற்குப் படித்து முடித்திருந்தாள்.

மிதவை விமானம் என்பது சில்லுகளுக்குப் பதிலாக இரண்டு நீண்ட மிதவைகளின் மேல் நிற்கும் சிறிய விமானம். நீரில் இறங்கி, நீரிலிருந்தே எழும்பும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கரையோரத்தில் வீதி போகாத ஊர்கள் பல உண்டு. அங்குள்ள சனங்களுக்கு இது பஸ் மாதிரி. 1947இல் முதன்முதலாகப் பறந்த 'பீவர்' என்ற விமான வகை இன்றும் அங்கே ஆட்களை ஏற்றிச் செல்கிறது.

கடற்றொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்த சகோதரிகளுக்கு இந்தத் தொழிலின் சிரமம் விளங்கும். தண்ணீரில் பிரேக் பிடிக்க முடியாது. காற்று விமானத்தின் மூக்கைத் தன் பக்கம் திருப்பும். அலை அடிக்கும் கடல் மட்டுமல்ல, அலையே இல்லாத கடலும் ஆபத்தானது. நீர் கண்ணாடி போலக் கிடந்தால், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குப் பிடிபடாது.

கனடாவில் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெறக் குறைந்தது 200 மணித்தியாலங்கள் பறந்திருக்க வேண்டும். அது கையில் கிடைத்தாலும், அனுபவம் குறைந்தவரை நம்பி விமானத்தைக் கொடுக்கக் கம்பனிகள் தயங்கும். அதனால் புதியவர்கள் பலர் முதலில் இறங்குதுறையில்தான் நிற்கிறார்கள். விமானத்தைக் கயிற்றால் கட்டுவது, பொதிகள் ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது, மிதவைக்குள் கசிந்த நீரைப் பம்பினால் இறைப்பது எல்லாம் அவர்கள் வேலை.

பெறாமகளுக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. வடக்கே ஒரு சின்னக் கம்பனி, இரண்டாம் மாதமே தனியாகப் பறக்கலாம் என்றது. சம்பளம் பறக்கும் மைலுக்கு இவ்வளவு என்று கணக்கு. மற்றைய கம்பனி, ஒரு பருவம் இறங்குதுறையில் நில், பிறகு பார்ப்போம் என்றது.

"சின்னம்மா, இவ்வளவு கடன்பட்டுப் படிச்சது கயிறு கட்டவா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

எனக்கு விமானம் தெரியாது. நான் படித்தது சமூகவியல். வேலைத்தலத்தில் யாருடைய சொல் எடுபடுகிறது, நட்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்ப்பதுதான் என் பழக்கம். ஆகவே விபத்து விசாரணைகளின் முடிவுகளைத் தேடி வாசித்தேன்.

2015 ஜூன் 25இல் அலாஸ்காவின் கெச்சிக்கன் அருகே, உல்லாசக் கப்பல் பயணிகளை ஏற்றிய மிதவை விமானம் மலையில் மோதி ஒன்பது பேரும் இறந்தார்கள். மோசமான காலநிலையிலும் விமானி தொடர்ந்து பறந்தது காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை. அத்துடன் நிற்காமல், அப்படிப் பறப்பதை மறைமுகமாக ஏற்றுக்கொண்ட கம்பனியின் நடைமுறையையும் தொழிற்போட்டியின் நெருக்குதலையும் சுட்டிக்காட்டியது. விமானி அந்தப் பகுதிக்குப் புதியவர்.

2009 நவம்பர் 29இல் கனடாவின் சற்றேர்ணா தீவருகே எட்டுப் பேருடன் ஒரு பீவர் கடலில் விழுந்தது. ஆறு பேர் வெளியே வர முடியாமல் மூழ்கி இறந்தனர். கதவுகள் விரைவாகத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பயணிகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என விசாரணைச் சபை பரிந்துரைத்தது. நீரில் மூழ்கும் விமானத்திலிருந்து வெளியேறும் பயிற்சியை விமானிகளுக்குக் கட்டாயமாக்கும் விதிகள் 2019இல்தான் வந்தன.

இவற்றை வாசித்த பின், எந்த வேலைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. இரண்டு இடங்களிலும் கேட்கும்படி சில கேள்விகளைக் கொடுத்தேன். காலநிலை சரியில்லை என்று புதியவர் மறுத்தால் என்ன நடக்கும்? பாதி வழியில் திரும்பி வந்தால் சம்பளம் உண்டா? வெளியேறும் பயிற்சிக்குப் பணம் யார் கட்டுவது? இறங்குதுறையில் நின்றவர்களில் எத்தனை பேரை விமானியாக்கினீர்கள்?

கடைசிக் கேள்வியும் முக்கியம். பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலிக்கு முடிவில்லாமல் வேலை வாங்கும் இடங்கள் எல்லாத் தொழிலிலும் உண்டு.

வடக்குக் கம்பனியில், "பறந்தால்தானே காசு" என்று சிரித்தார்களாம். மழையும் புகாரும் மிகுந்த கரையில், கடன் உள்ள ஒரு பிள்ளைக்கு அந்தச் சம்பள முறையே ஒரு நெருக்குதல். மற்றைய இடத்தில் திரும்பி வந்த பறப்புக்கும் சம்பளம் உண்டு என்றார்கள். முன்னைய பருவத்தில் கயிறு கட்டிய இருவர் அங்கேயே விமானிகளாக இருந்தார்கள். அவள் இறங்குதுறையைத் தெரிவு செய்தாள். கடன் அடைய இன்னும் காலம் எடுக்கும். அது அவளுக்குத் தெரியும்.

வாசிக்கும் சகோதரிகளே, எங்களில் பலருக்கு இரண்டு வேலைகளை வைத்துத் தெரிவு செய்யும் வசதி இல்லை. பிள்ளைகளின் பசி முடிவைத் தீர்மானித்துவிடும். ஆனாலும் கேள்வி கேட்கக் காசு தேவையில்லை. ஆடைத் தொழிற்சாலையோ, கடையோ, வெளிநாட்டு வீட்டு வேலையோ, சேருமுன் அங்கே வேலை செய்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடியுங்கள். சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். "இன்றைக்கு என்னால் முடியாது என்று சொன்னால் அங்கே என்ன செய்வார்கள்?" என்றும் கேளுங்கள்.