பொய் சொல்ல வைத்தது யார்?

மதம் மாறினால் சாதி கழன்று போய்விடும் என்று இந்த நாட்டில் நம்புவது அரசாங்கக் கோப்பு ஒன்றுதான். ஊர்த்தெரு நம்பவில்லை. டீக்கடை நம்பவில்லை. கல்லறைத் தோட்டமும் நம்பவில்லை.

1950 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதிகள் ஆணையில் மூன்றாம் பத்தி என்று ஒன்று உண்டு. இந்து அல்லாதவர் எஸ்.சி. ஆகமாட்டார் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் 1936-இல் போட்ட ஆணையிலேயே இந்தியக் கிறித்தவர்களை விலக்கி வைத்திருந்தான். சுதந்திர அரசு அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தியது. 1956-இல் சீக்கியருக்குத் திறந்தது. அதே ஆண்டு நாக்பூரில் அம்பேத்கரோடு பவுத்தம் தழுவிய மக்களோ 1990 வரை, 34 வருசம், மத்திய அரசின் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். தலித் கிறித்தவரும் தலித் முசுலிமும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். பழங்குடியினருக்கான ஆணையில் இந்த மதத்தடை கிடையாது. அவர் ஜெபம் செய்தாலும் பழங்குடி. நாம் ஜெபம் செய்தால் மட்டும் நம்ம சாதி மாயமாப் போயிடுமாம்!

சூசை என்பவர் சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஆதிதிராவிடக் கிறித்தவர். 1982-இல் அந்தத் தொழில் செய்த எஸ்.சி. மக்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்கு இல்லை என்றார்கள். உச்சநீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்று காட்ட ஆதாரம் போதவில்லை என்று 1985-இல் தீர்ப்பு வந்தது. தெருப்புழுதியில் உட்கார்ந்து அடுத்தவன் செருப்பைத் தைத்த கையைவிட வேறு என்ன ஆதாரம் வேண்டும்?

ஆதாரத்துக்குக் குறைச்சல் இல்லை. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், 2008 மார்ச்சில், தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டார்கள். சாதிக் கிறித்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். கலவரம் மூண்டு, போலீசு சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-இல் ஒப்புக்கொண்டது. குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகும் நீதிபதி நம்பவில்லை என்றால் என்ன சொல்ல?

1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிறித்தவத் தலித்துக்கு இல்லை. ஒரு போதகர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கை இதையே காரணம் காட்டி 2025-இல் ஆந்திர உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. திட்டுகிறவன் பைபிளைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

தமிழ்நாட்டில் எஸ்.சி.யிலிருந்து கிறித்தவரானவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், பி.சி. பட்டியலில். சாதிச் சான்றிதழ் மனு எழுதிக் கொடுக்கப் போகிற சேரிகளில் நான் முதலில் கேட்பதே, "எந்தப் பேரு எழுதட்டும்?" என்றுதான். கோயிலில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஒரு பேர். ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணன் எஸ்.சி., தம்பி பி.சி. ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "பாவசங்கீர்த்தனத்துல இதையும் சொல்லணுமா தம்பி? புள்ள படிக்கணும்னுதான மறைச்சேன்."

அந்த அம்மாவுக்குச் சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது? 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்சநீதிமன்றம். உண்மையைச் சொன்னால் உரிமை போகும் என்று ஒரு பத்தியை எழுதி வைத்தவர்கள், பொய் சொன்னவளைப் பிடித்து மோசடிக்காரி என்கிறார்கள். அதே நீதிமன்றம்தான், தாய்மதம் திரும்பி, சாதிக்காரர்களும் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பக் கிடைக்கும் என்று 2015-இல் சொன்னது. அப்படியென்றால் சாதி எங்கேயும் போகவில்லை, வாசலிலேயே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்புறம் யாரைத் தண்டிக்கிறது இந்தப் பத்தி? வெளியே போகத் துணிந்தவனை.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி 2007-இல் அறிக்கை கொடுத்தது. அரசு அசையவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம், இரண்டு வருச அவகாசம், அதற்கு மேல் நீட்டிப்பு. எறையூரில் இருப்பதைக் கண்டுபிடிக்க எத்தனை ஆணையம் வேண்டும்?

நம் தோழர்கள் சிலர், "அவங்களும் வந்தா நம்ம பங்கு குறையுமே" என்கிறார்கள். நியாயமான பயம்தான். அதற்கு வழி, ஆள் கூடும்போது பங்கையும் கூட்டு என்று கேட்பது. பந்தியில் சோறு பத்தாது என்று கூடப்பிறந்தவனை எழுப்பி விடுவது சாதி கற்றுக்கொடுத்த புத்தி. திருச்சபைக்குள்ளே சாதியை எதிர்த்துப் போராடுவோம், வெளியே மூன்றாம் பத்தியை நீக்கக் கேட்போம். ஒன்றுக்காக மற்றதைத் தள்ளிப்போட முடியாது. சேரிக் குழந்தை ஒரே பேரில் பள்ளிக்கூடமும் கோயிலும் போகட்டும்.