மறதியின் இழைகள்

1906ஆம் ஆண்டு யேர்மனியின் ரியூபிங்கன் நகரில், நினைவிழந்து இறந்த ஒரு பெண்ணின் மூளையைப் பற்றி அலோய்ஸ் அல்சைமர் உரையாற்றினார். அம்மூளையில் விந்தையான படிவுகளை அவர் கண்டிருந்தார். அப்படிவுகளின் இயல்பு 1984இல் கிளென்னர், வொங் ஆகியோரின் ஆய்வுடனேயே தெளிவாகத் தொடங்கியது.

நம் மூளையில் நாளும் தோன்றும் பீற்றா அமிலோயிட் என்னும் சிறு புரதத்துண்டே அவற்றின் மூலப்பொருள். நரம்புக்கல மென்சவ்விலுள்ள பெரும் புரதமொன்றை இரு நொதியங்கள் அடுத்தடுத்து வெட்ட, பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கொண்ட இத்துண்டு பிறக்கின்றது. 42 உடையதே எளிதில் திரள்வது. சில துண்டுகள் கூடி ஒரு கருவாதல் அரிது. அதற்குக் காலம் செல்லும். கரு தோன்றியபின்னரோ, வந்து சேரும் ஒவ்வொரு துண்டும் முன்னதன் வடிவையே ஏற்று, ஏணிப்படிகள்போல் அடுக்குற, இழை நீள்கின்றது. இழையின் மேற்பரப்பே புதிய கருக்களையும் பிறப்பிக்கின்றது.

என் பெயரை மறந்த பின்னரும் அம்மம்மா இளமையிற் கற்ற தேவாரங்களைத் தடையின்றிப் பாடினார். நோய்க்குறிகள் தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பே படிவு தொடங்கிவிடும் என்பதைப் பின்னர் கற்றபோது மனம் கனத்தது. 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனமாப் இப்படிவுகளைக் குறைக்கின்றது. ஆயினும் நோயின் போக்கைச் சிறிதளவே தாமதிக்கின்றது. இழந்த நினைவை மீட்பதில்லை. அம்மம்மாவுக்கு மருந்து தேடியிருக்கவேண்டிய காலம், அவரை நோயாளியென எவரும் எண்ணாத காலமே. அக்காலத்தை இனங்காணுதலே இத்துறையில் இனிப் புகும் மாணவர்முன் உள்ள பணி.