மூன்று மார்க் வாங்கிய ஹல்க்

காமிக்ஸ் புத்தகத்துக்கு மார்க் போடுவதையே தொழிலாக வைத்து ஒரு கம்பெனி பிழைக்க முடியும் என்று சொன்னால் எங்கள் கிளையில் யாரும் நம்புவதில்லை. அமெரிக்காவில் 2000ஆம் வருஷம் சிஜிசி என்ற கம்பெனி இதை ஆரம்பித்தது. அப்புறம் வேறு சிலரும் கடை போட்டார்கள். (நான் மல்லுக்கட்டியது எந்தக் கம்பெனியோடு என்பது இங்கே வேண்டாம். பென்ஷன் வாங்க வேண்டிய உடம்பு.)

விஷயம் இதுதான். புத்தகத்தை அனுப்பினால் பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். 0.5இலிருந்து 10 வரை ஒரு எண் தருவார்கள். கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் பண்ணி, மேலே லேபிள் போட்டு அனுப்புவார்கள். விலை மொத்தமும் அந்த எண்ணில்தான் இருக்கிறது. 1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், சூப்பர்மேன் முதன்முதலில் வந்த புத்தகம், 8.5 வாங்கிய ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. லட்சம் டாலர், ரூபாய் இல்லை.

நம்ம சமாச்சாரம் அவ்வளவு பெரிது இல்லை. என் மாமா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். செம்பூர் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய அமெரிக்க காமிக்ஸ் விட்டுவிட்டுப் போனார். சின்ன வயசில் லீவுக்கு பம்பாய் வந்தால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் எனக்குப் படுக்கை. ஊரில் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும், இங்கே வந்தால் ஹல்க்கும் ஸ்பைடர்மேனும். எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்க ஓரத்தில் மாமா பென்சிலால் துறைமுகத்தின் பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார். பால்டிமோர், ஹூஸ்டன் என்று. மாமா போனபிறகு அத்தைதான் கேட்டாள், "இதெல்லாம் ஏதாவது பெறுமாப்பா? எடைக்குப் போட மனசு வரலை."

பெட்டியில் 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' 181 இருந்தது. 1974 நவம்பர் இதழ், விலை 25 சென்ட். வுல்வரின் முழுசாக வரும் முதல் கதை. விவரம் தெரிந்தவர்கள் இதைக் கையில் எடுத்ததும் முதலில் வாசகர் கடிதப் பக்கத்தைத்தான் திருப்புவார்கள். 1974இலிருந்து மார்வல் கம்பெனி தன் புத்தகங்களில் 'மார்வல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு சின்னப் படம் அச்சடித்தது. பையன்கள் அதைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளலாம். முதல் வரிசையில் மொத்தம் 100 ஸ்டாம்ப். அந்தக் காலத்துப் பையன்கள் சமர்த்தாகக் கத்தரித்ததால், ஸ்டாம்ப் போகாத 181க்கு இன்று தனி மவுசு. மாமா கத்தரிக்கவில்லை. 54ஆம் எண், ஷானா என்கிற காட்டு ராணியின் படம், அப்படியே இருந்தது.

நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது கையோடு எடுத்துப்போனான். கம்பெனிக்கு அனுப்பும் முன் அட்டை முதல் அட்டை வரை எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்தான். சமர்த்துப் பிள்ளை.

சொன்ன கெடுவைப் போல இரண்டு மடங்கு நாளாயிற்று. கேட்டால், நாள் கணக்கு பார்சல் வந்த தேதியிலிருந்து இல்லையாம், அவர்கள் பிரித்துப் பதிவுசெய்த தேதியிலிருந்தாம். சரி, போகட்டும். நடுவில் கட்டணத்தை ஏற்றினார்கள். "நீங்கள் எழுதிய மதிப்பைவிட எங்கள் கணக்கில் சந்தை மதிப்பு அதிகம், அதனால் மேல் பிரிவுக்கு மாற்றியிருக்கிறோம்." அதுவும் சரி. ஆனால் அவர்கள் கையில் புத்தகம் சேதமானால் நஷ்டஈடு நான் எழுதிய மதிப்புக்குத்தான் என்று அதே விதிமுறைத் தாளில் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இருபது வருஷமாக லோன் பேப்பர் படிக்கிறவன் நான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் பெட்டி வந்தது. மார்க் 3.0. லேபிளில் ஒரே வரி: வேல்யூ ஸ்டாம்ப் இல்லை.

போட்டோவில் இருக்கிறது. லேபிள் இல்லை என்கிறது. சந்தேகத்தைத் தீர்க்க அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கப் பெட்டியை உடைக்க வேண்டும். உடைத்தால் மார்க்கும் போச்சு, கம்பெனியின் உத்தரவாதமும் போச்சு. அத்தையிடம் போனில் சொன்னேன். "ஏம்ப்பா, நம்ம புஸ்தகத்தை நாமளே திறந்து பாக்கக் கூடாதா? மாமா எழுதினதும் அதுக்குள்ளதானே இருக்கு?" என்றாள். என்ன பதில் சொல்ல?

எங்கள் கிளையில் நகைக்கடனுக்கு வருகிற அம்மாவின் கண்ணெதிரேதான் அப்ரைசர் வளையலை உரைகல்லில் உரைப்பார், தராசில் வைப்பார். கல்லுக்கும் அழுக்குக்கும் எவ்வளவு கழித்தோம் என்று சீட்டில் எழுதுவோம். அந்தம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கடன். கிழிந்த நோட்டுக்குக்கூட ரிசர்வ் வங்கி கணக்கு வைத்திருக்கிறது. 50 ரூபாயும் அதற்கு மேலும் என்றால், உள்ளதில் பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப்பணம், 40இலிருந்து 80 வரை பாதி, அதற்கும் கீழே ஒன்றுமில்லை. கஸ்டமர் சண்டை போட்டால் அளந்து காட்டலாம். மார்க் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. கறாராகப் பார்க்கத்தானே காசு கொடுக்கிறோம். ஏன் குறைந்தது என்று கேட்டால், மதிப்பீட்டாளரின் குறிப்புக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அங்கேதான் எனக்கு எரிந்தது.

மருமகன் போட்டோக்களை அனுப்பினான். "அனுப்புமுன் எடுத்த போட்டோவை ஆதாரமாக ஏற்பதில்லை" என்று பதில். அவர்கள் பிரித்தபோது ஸ்டாம்ப் இல்லையென்றால் எங்கே போயிற்று என்று கேட்டான். டிக்கெட் முடிக்கப்பட்டது என்று தானியங்கி மெயில் வந்தது. எங்கள் வங்கியில் 30 நாளில் பதில் தராவிட்டால் கஸ்டமர் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். மதிப்பு போடுகிறவனுக்கு மேலே அங்கே யாரிடம் போவது?

அவர்கள் கடைசியாகச் சொன்ன வழி, மறுபடி அனுப்புங்கள், மறுபடி கட்டணம், போகவர தபால் செலவு உங்களுடையது. அனுப்பினான். நாலு மாசம் கழித்து லேபிள் மாறி வந்தது. இப்போது 6.0. ஸ்டாம்ப் பற்றிய வரியே இல்லை. ஒரு மன்னிப்பு வார்த்தையும் இல்லை. இரண்டாவது தடவை கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தந்தார்கள், பணமாக இல்லை, அடுத்த புத்தகம் அனுப்பினால் கழித்துக்கொள்ளலாமாம்!

அடுத்த புத்தகம் அனுப்பவில்லை. போன மாதம் மாட்டுங்காவிலிருந்து பழைய புத்தக வியாபாரி ஒருவர் செம்பூர் வீட்டுக்கு வந்தார். தரையில் பேப்பர் விரித்து, ஒவ்வொன்றாகப் பக்கம் புரட்டி, ஸ்டேப்பிள் துரு பிடித்ததையும் ஓரம் கிழிந்ததையும் அத்தைக்குக் காட்டிக் காட்டி விலை சொன்னார். சிலதில் அத்தை பேரம்கூடப் பேசினாள். பதினொரு புத்தகம் விற்றோம். பென்சில் எழுத்தைப் பார்த்து, "இதுக்கு விலை குறையும் மாஜி, ஆனா அழிச்சிடாதீங்க" என்றார். அன்றைக்கே மருமகனுக்கு போன் போடச் சொன்ன அத்தை, ஹல்க்கை விற்க வேண்டாம், வரும்போது எடுத்து வா, உடைக்கச் சுத்தியல் இங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.