நான் வைத்த தலைப்பும் பெரியம்மாவின் மாத்திரையும்

"ஏங்கண்ணு, தேனே போதும்னு நீதான போட்டிருக்கற?"

போனில் பெரியம்மா கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. திருப்பூரில், பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம். தினமும் டாமாக்சிஃபென் மாத்திரை. அதை நிறுத்தி எட்டு நாள் ஆச்சாம்! காலையில் ரெண்டு ஸ்பூன் தேன் மட்டும்.

'மார்பகப் புற்றுநோயை 84 சதவிகிதம் குறைக்கும் தேன்!' தலைப்பு நான் வைத்ததுதான். க்ளிக் வரவேண்டுமே என்று 'எலி'யை விட்டுவிட்டேன்.

2024-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு அது. மனிதப் புற்றுநோய் செல்களை எலிகளின் உடலில் வளர்த்து, மனுகா தேன் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சி 84 சதவிகிதம் குறைந்தது. மனுகா, நியூசிலாந்துப் பக்கம் வளரும் செடி. பெரியம்மா வாங்கியதோ மளிகைக்கடைத் தேன். அது கிடக்கட்டும். பெரியம்மாவுக்கு வந்தது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை. அந்த ஹார்மோன் புற்றுசெல்லில் போய் ஒட்டாமல் தடுப்பதே இந்த மாத்திரைதான். ஆய்வகத்தில்கூட டாமாக்சிஃபெனோடு சேர்த்தும் தேனைச் சோதித்திருக்கிறார்கள். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வே அல்ல அது.

"எலிக்குத்தான் பெரியம்மா..."

"அதைத் தலைப்புல போடறதுக்கென்ன?"

என்ன சொல்ல? அன்றே தலைப்பை மாற்றினேன். 'சனிக்கிழமை சம்பள நாள், வரமாட்டேன்' என்றவரை வெள்ளிக்கிழமையே டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரையை விட்டதைச் சொல்ல அவர் தயங்கினார். நான்தான் சொன்னேன், தலைப்பு வைத்தது யார் என்பதையும் சேர்த்து.